மாட்டுவண்டியில் வந்த ராஜாக்கள்

ஜனவரி 6-ஆம் தேதி வந்தால் ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் ஒரு தங்கப் பேழையின் முகப்புத் தகட்டைக் கழற்றி வைப்பார்கள். பேழை இருப்பது உயர் பீடத்துக்குப் பின்னால், கண்ணாடிக்குள். நீளம் 220 சென்டிமீட்டர், அகலம் 110, உயரம் 153. தூரத்திலிருந்து பார்த்தால் பெட்டி என்றே தோன்றாது, பொன் ஓடு வேய்ந்த சின்னக் கோயில் போல இருக்கும். உண்மையில் அவை மூன்று பெட்டிகள். கீழே இரண்டு பக்கம் பக்கமாக, அவற்றின் முதுகில் ஒன்று. தகட்டை எடுத்ததும் உள்ளே ஒரு கம்பித் தட்டி. தட்டிக்குப் பின்னால் மூன்று மண்டையோடுகள், தலையில் கிரீடத்தோடு.

யார் இவர்கள் என்று கேட்டால் வரிசையில் நிற்கும் குழந்தைகூடச் சொல்லும். கஸ்பார், மெல்கியோர், பல்தசார். நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் ஒட்டகத்தோடு நிற்கும் அதே மூன்று பொம்மைகள்தான். ஒருவர் வெள்ளைத் தாடி, ஒருவர் நடுவயது, ஒருவர் கறுப்பர். ஆளுக்கொரு பேழை கையில்.

இந்தக் கதைக்கு ஆதாரமாக இருப்பது மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம், முதல் பன்னிரண்டு வசனங்கள். அங்கே போய்த் தேடினால் மூன்று பேர் இல்லை. எத்தனை பேர் என்றே எழுதவில்லை. ராஜா என்றால் ஏரோது ஒருவன்தான் ராஜா. பெயர் கிடையாது, வயது கிடையாது, ஒட்டகமும் கிடையாது. கிழக்கிலிருந்து சிலர் வந்தார்கள், நட்சத்திரத்தைக் கண்டதாகச் சொன்னார்கள், பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் வைத்து வணங்கினார்கள், வேறு வழியாக ஊர் திரும்பினார்கள். அவ்வளவுதான்.

அவர்களை மத்தேயு அழைக்கும் கிரேக்கச் சொல் மாகோய். மாகோஸ் என்பதன் பன்மை. மேதியரின் ஆறு குலங்களில் ஒன்றின் பெயர் அது என்று ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். பாரசீகத்தில் வேள்வித்தீக்கு அருகே நின்றவர்கள், கனவுக்குப் பலன் சொன்னவர்கள். கிரேக்கர் வாயில் அந்தச் சொல் மெல்லக் கெட்டு, மந்திரவாதி, ஏமாற்றுக்காரன் என்றும் ஆனது. இன்று நாம் சொல்லும் மேஜிக் அதன் பேத்தி. புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே இந்த இரட்டை வாழ்க்கையைப் பார்க்கலாம். மத்தேயுவில் பாலனைக் கும்பிட வந்தவனும் மாகோஸ், அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலிடம் திட்டு வாங்கிக் கண்பார்வை இழந்தவனும் மாகோஸ். தமிழில் வேதத்தைப் பெயர்த்தவர்கள் முன்னவரைச் சாஸ்திரிகள் என்றார்கள், பின்னவனை மாயவித்தைக்காரன் என்றார்கள். கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் முன்னவர்கள் ஞானிகள். ஆனால் திருநாளுக்குப் பெயர் மூன்று ராஜாக்கள் திருநாள். ஒரே ஊரில் ஒரே ஆட்களுக்கு மூன்று பட்டம்.

என்னைக் கேட்டால் சாஸ்திரிகள்தான் நல்ல தமிழ். ஞானி என்றால் நமக்கு மலையேறிக் கண்மூடி உட்கார்ந்தவர் நினைவு வருகிறது. இவர்களோ நாள் பார்த்து, கோள் பார்த்து, கணக்குப் போட்டுக் கிளம்பியவர்கள். சாஸ்திரி என்ற சொல்லில் அந்தத் தொழில் வாசனை இருக்கிறது.

அந்தச் சாஸ்திரிகளின் எலும்பு கொலோனுக்கு எப்படி வந்தது? அதற்கு ஒரு புராணம் இருக்கிறது. பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலேனா கீழைநாடுகளில் தேடி மூன்று உடல்களையும் கண்டெடுத்தாள், கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டுவந்தாள். அங்கிருந்து எவுஸ்தோர்ஜியோ என்பவர் மிலான் நகரின் ஆயராகிப் போனபோது பேரரசர் அவற்றைப் பரிசாகத் தந்தார். பெரிய கல் தொட்டி, மாட்டுவண்டி. வழியில் ஓநாய் பாய்ந்து ஒரு மாட்டை அடித்துவிட, ஆயர் ஓநாயையே பிடித்து நுகத்தில் பூட்டினார். மிலான் நகர வாசலுக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. எத்தனை அதட்டியும் நகரவில்லை. சரி, இங்கேயே இருக்க விருப்பம் போலிருக்கிறது என்று அந்த இடத்திலேயே கோயில் எழுப்பினார்கள். தேர் நகராமல் நின்ற இடத்தில் சாமி குடிகொண்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. சான்த் எவுஸ்தோர்ஜியோ கோயில் இன்றும் மிலானில் இருக்கிறது. அதன் மணிக்கூண்டு உச்சியில் சிலுவைக்குப் பதில் நட்சத்திரம் வைத்திருக்கிறார்கள்.

கதை அழகு. ஆனால் நான்காம் நூற்றாண்டில் அதே மிலானில் ஆயராக இருந்தவர் அம்புரோசியார், எழுத்தில் சளைக்காதவர், மத்தேயுவின் சாஸ்திரிகளைப் பற்றியும் எழுதியவர். நகர வாசலில் அவர்களுடைய உடல்கள் கிடந்திருந்தால் ஒரு வரியாவது எழுதாமல் இருந்திருப்பாரா? மூச்சுக்கூட விடவில்லை. அவருக்குப் பின் பல நூற்றாண்டுகளுக்கு மிலானில் யாரும் மூச்சு விடவில்லை.

எலும்புகள் வரலாற்றுக்குள் தலைகாட்டுவது 1158-இல். செந்தாடிப் பேரரசன் பிரெடரிக் பார்பரோசா மிலான் மீது படையெடுத்து வந்த நேரம். நகருக்கு வெளியே ஒரு பழைய சிற்றாலயத்தில் மூன்று உடல்கள் அகப்பட்டன என்றும், பேரரசனுக்குப் பயந்து அவற்றை நகருக்குள் கொண்டுவந்தார்கள் என்றும் பிரான்சின் மோன் சென் மிஷேல் மடத்துத் தலைவர் ராபர்ட் தம் ஆண்டுக் குறிப்பில் எழுதுகிறார். உடல்களின் வயதையும் சொல்கிறார். பார்த்தால் ஒருவருக்குப் பதினைந்து, ஒருவருக்கு முப்பது, ஒருவருக்கு அறுபது இருக்குமாம். ஆயிரத்து நூறு ஆண்டு பழைய உடலில் வயது கண்டவர் யாரோ! ஆனால் இளைஞன், நடுவயதுக்காரன், கிழவன் என்ற அந்த மூன்று வயதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

1162-இல் மிலான் பணிந்தது. பார்பரோசா நகரை இடித்துத் தள்ளினான். அவனுடைய வலக்கை ரைனால்ட் என்பவர், தாசெல் ஊர்க்காரர், கொலோன் பேராயர், பேரரசின் தலைமை அமைச்சர். போரில் உழைத்ததற்குக் கூலியாக அவர் கேட்டது பொன்னோ நிலமோ அல்ல, இந்த எலும்புகளை. 1164 ஜூன் 12-ஆம் தேதி வெர்செல்லி ஊரிலிருந்து கொலோனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். இணையில்லாத செல்வத்தோடு வருகிறேன், வரவேற்பு ஏற்பாடு செய்யுங்கள் என்பது அதன் சாரம். வழியில் பகைவர் மறிக்கக்கூடும் என்று சுற்றிக்கொண்டு, ஆல்ப்ஸ் கடந்து, ரைன் நதியைப் பிடித்து, ஜூலை 23-இல் ஊர் சேர்ந்தார். அவர் தங்கிப் போனதாகச் சொல்லிக்கொள்ளும் விடுதிகள் அந்தப் பாதை நெடுக உண்டு. பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் மூன்று ராஜா, மூன்று கிரீடம், நட்சத்திரம் என்றே வரும்.

இத்தனை எலும்புகள் மலிந்த காலத்தில் இந்த மூவர்மேல் ஏன் இவ்வளவு ஆசை? அப்போது பேரரசனுக்கும் போப் மூன்றாம் அலெக்சாண்டருக்கும் தகராறு முற்றியிருந்தது. பேரரசன் தனக்கென்று ஒரு எதிர்ப் போப்பையே வைத்திருந்தான். ராஜாவுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது, போப் கையாலா, நேரே கடவுளிடமிருந்தா என்பதுதான் சண்டையின் வேர். இயேசுவை முதலில் வணங்கிய ராஜாக்கள் யார்? இந்த மூவர். அவர்களுக்கு முடிசூட்ட எந்தப் போப் வந்தார்? அப்போது பேதுருவே கலிலேயாவில் சிறுபிள்ளை. போப் என்ற பேச்சு தொடங்கும் முன்பே கடவுளின் மடியில் கிரீடத்தை இறக்கிவைத்த ராஜாக்கள் தன் ஊரில் இருந்தால், வழக்கில் அதைவிட நல்ல சாட்சி எது? ரைனால்ட் இதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே ஆகன் நகரில் சார்லமேன் பேரரசருக்குப் புனிதர் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

அவர் பிழைப்பு நீளவில்லை. 1167-இல் ரோம் வரை போன படையைக் கொள்ளைநோய் அடித்தபோது அவரும் போனார். அவருடைய எலும்புகளும் கொலோனுக்கு வந்து சேர்ந்தன, அதே பேராலயத்துக்கு.

வழக்கின் சாட்சிக்கு ஒரு பலவீனம் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். மத்தேயு அவர்களை ராஜா என்று சொல்லவே இல்லை. அந்தப் பட்டம் கிடைத்தது வேறு இடத்தில். தூரதேசத்து ராஜாக்கள் காணிக்கை கொண்டுவருவார்கள் என்று 72-ஆம் சங்கீதத்தில் உண்டு. ஏசாயாவின் 60-ஆம் அதிகாரத்தில் ஒட்டகக் கூட்டம் பொன்னையும் தூபத்தையும் சுமந்து வரும். இரண்டையும் பெத்லகேமோடு முடிச்சுப் போட்டதும் சாஸ்திரி ராஜாவானார், ஏறிக்கொள்ள ஒட்டகமும் கிடைத்தது. 200-ஆம் ஆண்டு வாக்கிலேயே தெர்த்துல்லியன் அவர்களை ஏறக்குறைய ராஜா என்கிறார். எண்ணிக்கை காணிக்கையிலிருந்து வந்தது. மூன்று பொருள், அதனால் மூன்று ஆள். ஆனால் எல்லாரும் உடனே ஒப்பவில்லை. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில் ஒரு ஓவியன் இரண்டு பேரை வரைந்திருக்கிறான், இன்னொருவன் நான்கு பேரை. மரியாளுக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் என்று சமமாக நிறுத்தினால் படம் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது, அதுதான் காரணமோ என்னவோ. சிரியாக் கிறிஸ்தவர்கள் பன்னிரண்டு என்றார்கள்.

பெயர்கள் இன்னும் பிந்தி வந்தவை. அலெக்சாண்டிரியாவில் கிரேக்கத்தில் எழுதிய ஒரு வரலாற்று நூலை எட்டாம் நூற்றாண்டு வாக்கில் யாரோ தட்டுத்தடுமாறி லத்தீனில் பெயர்த்திருக்கிறார். அதில் பித்திசரேயா, மெலிகியோர், கத்தஸ்பா என்று வருகிறது. இத்தாலியின் ரவென்னா நகரில் சான்த் அப்போலினாரே நுவோவோ ஆலயச் சுவரில் ஆறாம் நூற்றாண்டு மொசைக் ஒன்று இருக்கிறது. மூன்று பேர் முன்னால் குனிந்து கிட்டத்தட்ட ஓடுகிறார்கள். இறுக்கமான பூப்போட்ட கால்சட்டை, காற்றில் பறக்கும் மேலங்கி, முனை மடிந்த பாரசீகக் குல்லாய். கிரீடம் இல்லை. தலைக்கு மேல் பெயர் எழுதியிருக்கிறது. கறுப்பர் யாரும் இல்லை. நம் குடில் பொம்மைகளைப் போலவே இவர்கள் கையிலும் காணிக்கை.

அந்தக் குல்லாயைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். 614-இல் பாரசீகப் படை பாலஸ்தீனத்துக்குள் புகுந்து ஆலயங்களை நொறுக்கிக்கொண்டு பெத்லகேமுக்கு வந்தது. பிறப்பு ஆலயத்தின் சுவரில் தங்கள் ஊர் உடையோடு ஆட்களைப் பார்த்ததும் படைத்தலைவன் கையை இறக்கிவிட்டானாம். நடந்ததோ இல்லையோ, அந்த ஆலயம் பிழைத்தது.

கஸ்பார் என்ற பெயர் இந்தியாவைத் தொட்டுக்கொண்டு வந்தது என்ற கருத்தும் உண்டு. முதல் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்டவன் கொண்டோபெரஸ். அவன் காசுகள் கிடைத்திருக்கின்றன, பெஷாவர் பக்கம் தக்த்-இ-பாகியில் கல்வெட்டும் கிடைத்தது. அவன் பெயர் ஆர்மீனிய வாயில் புரண்டு கத்தஸ்பர் ஆகி, பிறகு கஸ்பார் ஆனது என்கிறார்கள். தோமாவின் பணிகள் என்ற பழைய நூலில் தோமா அப்போஸ்தலர் அரண்மனை கட்டப் போவது இந்த ராஜாவிடம்தான். மயிலாப்பூர்த் தோமாவைத் தெரிந்த நமக்கு அந்த ராஜா கொஞ்சம் உறவுக்காரர் மாதிரி. கேரளத்தில் பிறவம் ஊர்க்காரர்கள் ஒரு படி மேலே போய்விட்டார்கள். பெத்லகேம் போய்த் திரும்பிய ராஜாக்களே எங்கள் பள்ளியைக் கட்டினார்கள் என்பது அவர்கள் மரபு. ராஜாக்களின் பள்ளி என்றே அதற்குப் பெயர்.

கொலோனுக்கு வருவோம். எலும்பு வந்துவிட்டது, வைக்க நல்ல பேழை வேண்டும். வெர்துன் ஊர் நிக்கோலாஸ் என்ற பொற்கொல்லரும் அவர் பட்டறையும் 1180-களில் தொடங்கி, 1225 வாக்கில் வேலை முடிந்தது. பக்கவாட்டில் கீழ்வரிசை தீர்க்கதரிசிகள், மேல்வரிசை அப்போஸ்தலர்கள், எல்லாம் பொன்முலாம் பூசிய வெள்ளியில். ஒவ்வொரு முகமும் வேறு. சட்டை மடிப்பு உடம்போடு ஒட்டி விழுகிற விதத்தைப் பார்த்தால் அந்த ஆள் சற்றுமுன் திரும்பி உட்கார்ந்தான் என்றே தோன்றும். முகப்பு மட்டும் சுத்தத் தங்கம். நடுவில் தாயும் சேயும். இடப்பக்கம் மூன்று ராஜாக்கள் வரிசையாக. அவர்களுக்குப் பின்னால் நான்காவதாக ஒருவர், தலையில் கிரீடம் இல்லாமல். நான்காம் ஓட்டோவின் பெயர் பொறித்திருக்கிறது. ஜெர்மன் அரியணைக்காக எதிராளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், முகப்புக்குத் தங்கம் கொடுத்தவர். கொடுத்த கைக்கு வரிசையில் இடம் கிடைத்தது. நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுவதைக் கிண்டல் செய்கிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

பேழையில் ஆயிரத்துக்கும் மேல் கற்கள். அவற்றில் சுமார் முந்நூறு, பழைய கிரேக்க, ரோமானியச் செதுக்கு மணிகள். கிறிஸ்தவத்தின் முதல் ராஜாக்களின் பெட்டிமேல் அந்நிய தெய்வங்கள் பளபளக்கின்றன, யாரும் முகம் சுளிக்கவில்லை. முகப்பில் இருந்த மிகப் பெரிய மணியில் ஒரு ஆணும் பெண்ணும் பக்கவாட்டு முகமாக, ஆணின் தலைக்கவசத்தில் ஒரு பாம்பு. 13-ஆம் நூற்றாண்டில் ஆல்பர்ட் மாமேதை அதைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். 1574-இல் திருட்டுப் போய்விட்டது. இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் எகிப்தின் தாலமி அரசனும் அரசியும் என்ற அட்டையோடு இருக்கும் மணிதான் அது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

பேழைக்கேற்ற கோயில் வேண்டாமா? 1248 ஆகஸ்ட் 15-இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டி முடித்தது 1880-இல். ஆகனில் முடிசூடிய ஜெர்மன் ராஜாக்கள் கொலோனுக்கு வந்து மூவரைக் கும்பிட்டுப் போவது வழக்கமாயிற்று. நகரச் சின்னத்தில் மூன்று கிரீடம் ஏறியது. சாதாரண ஜனங்களுக்கு அரசியல் வேண்டியதில்லை, வழித்துணை போதும். அத்தனை தூரம் போய்ப் பத்திரமாகத் திரும்பியவர்கள் அல்லவா! மண்டையோட்டில் வைத்து எடுத்த சீட்டைப் பயணிகள் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்கள். காக்காய்வலிப்புக்கு மூன்று பெயரையும் எழுதிக் கட்டினார்கள். இன்றும் ஜெர்மன் பிள்ளைகள் ராஜா வேஷம் கட்டி, நட்சத்திரக் கம்போடு வீடுவீடாகப் போய்ப் பாடிக் காசு வாங்குகிறார்கள். போகும்போது நிலைப்படிக்கு மேல் சாக்கட்டியால் ஆண்டு எண்ணுக்கு நடுவே மூன்று எழுத்து எழுதுவார்கள். மூவரின் முதலெழுத்து என்பார் ஒருவர், கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிக்கட்டும் என்ற லத்தீன் வாக்கியத்தின் சுருக்கம் என்பார் இன்னொருவர்.

இதற்கிடையில் ஒரு சங்கடம். எலும்பு கொலோனுக்கு வந்து நூறு வருஷம் கழித்து மார்க்கோ போலோ பாரசீகத்தின் வழியாகப் போனார். சாவே என்ற ஊரில் மூன்று பெரிய, அழகான கல்லறைகளைப் பார்த்தார். பெத்லகேம் போன மூவரும் இதில்தான் கிடக்கிறார்கள், உடல் கெடவில்லை, முடியும் தாடியும் அப்படியே இருக்கின்றன என்று எழுதுகிறார். கதையைக் கேட்டால் ஊர்க்காரர்களுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் பயணத்தில் தீ வணங்கிகளின் கோட்டை ஒன்று. அங்கேதான் கிடைத்தது. மூன்று ராஜாக்களும் முதலில் தனித்தனியாக உள்ளே போனார்களாம். இளையவர் பார்த்தபோது குழந்தை அவர் வயதில் தெரிந்தது. நடுவயதுக்காரருக்கு நடுவயதாக, கிழவருக்குக் கிழவராக. வெளியே வந்து மிரண்டு பேசிக்கொண்டு, மூவரும் சேர்ந்து உள்ளே போனபோதுதான் பதின்மூன்று நாள் பச்சைக்குழந்தை தெரிந்தது. குழந்தை திருப்பிக் கொடுத்த சிமிழுக்குள் வெறும் கல். இதற்கா இவ்வளவு தூரம் என்று கிணற்றில் போட்டார்கள். வானத்திலிருந்து தீ இறங்கிக் கிணற்றுக்குள் விழுந்தது. அள்ளிக்கொண்டு ஊர் வந்தார்கள். அதைத்தான் இன்றுவரை வணங்குகிறோம் என்றார்கள் கோட்டைக்காரர்கள். கொலோன் ஆட்களுக்கு ஒரு கிறிஸ்தவ ராஜா வேண்டியிருந்தது, இவர்களுக்குத் தங்கள் தீக்கு ஒரு பிறந்த கதை வேண்டியிருந்தது. இரண்டு ஊர்க் கதையிலும் அதே மூன்று வயது.

வயதுக்குப் பிறகு நிறம். உலகம் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று மூன்று கண்டம் என்றிருந்த காலத்தில் ஆளுக்கொரு கண்டம் பிரித்துக் கொடுத்தார்கள். 15-ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் ஒருவர் கறுப்பராக நிலைத்தார். பிரேசிலில் போர்த்துக்கீசியர் கால்வைத்த சில ஆண்டுகளுக்குள் போர்ச்சுகலின் வீசெவு நகரப் பேராலயத்துக்கு வரைந்த படத்தில் அந்த இடத்தில் இறகுக் கிரீடத்தோடு ஒரு பிரேசில் பழங்குடி நிற்கிறார்.

1794-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை ரைனை நெருங்கியபோது எலும்புகள் மறுபடி வண்டி ஏறின. கிழக்கே ஆர்ன்ஸ்பர்க் பக்கத்து மடத்தில் பத்து வருஷம் ஒளிவாழ்க்கை. பேழை திரும்பி வந்தபோது உருவங்களும் கற்களும் பல காணவில்லை. இருந்ததை வைத்து நீளத்தைக் குறைத்து ஒப்பேற்றினார்கள். 20-ஆம் நூற்றாண்டில்தான் பழைய அளவுக்கு நீட்டினார்கள்.

1864-இல் பேழையைத் திறந்து பார்த்தார்கள். மூன்று ஆண்களின் எலும்புகள். ஒருவர் இளைஞர், ஒருவர் நடுவயது, ஒருவர் முதியவர். மோன் சென் மிஷேல் மடத்துக்காரர் சும்மா எழுதியிருக்கமாட்டார் போலும். எலும்பைச் சுற்றியிருந்த துணித்துண்டுகளைப் பின்னால் ஆராய்ந்தவர்கள், பொன்னூலும் கருஞ்சிவப்புச் சாயமும் கலந்த மிகப் பழைய நெசவு அது, சிரியாவின் பல்மைராவில் அகப்பட்ட துணிகளின் இனம் என்றார்கள். யாரோ வசதியானவர்கள், ரோமப் பேரரசுக் காலத்தில் கிழக்கத்தித் துணியில் சுற்றப்பட்டவர்கள். துணி அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

மிலான்காரர்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை. 1336-இல், எலும்பு போய் 170 ஆண்டுக்கு மேலான பிறகும், நகரில் மூன்று ராஜாக்கள் ஊர்வலம் விட்டார்கள். குதிரை, குரங்கு, முன்னால் தங்க நட்சத்திரம். நடுவழியில் ஏரோதைச் சந்தித்து, கடைசியில் போய் நின்றது சான்த் எவுஸ்தோர்ஜியோவின் காலித் தொட்டி முன். எலும்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று நூற்றாண்டுகளாகக் கேட்டு, கொலோன் ஒருவழியாக இசைந்தது 1903-இல். முழுசாக அல்ல. கெண்டைக்கால் எலும்புகள் சில, ஒரு முதுகெலும்புக் கண்ணி. 1904-இல் அவற்றை வெண்கலக் கலசத்தில் வைத்துப் பீடத்தில் ஏற்றினார்கள். மாடு இழுத்து வந்ததாகச் சொல்லும் கல் தொட்டி பக்கத்திலேயே கிடக்கிறது. மூன்று பேரும் தாராளமாகப் படுக்கலாம். அதன் மேல் லத்தீனில் மூன்று சாஸ்திரிகளின் கல்லறை என்றுதான் எழுதியிருக்கிறது. ராஜா என்று இல்லை.